கொடுக்காப்புளி மரத்தில் ஓர் இருதயம்

(உத்திரமேரூரில் அங்கன்வாடிப் பணியாளர்கள், தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள், பெற்றோர்கள் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் பராந்தக சோழன் கல்வெட்டுகளை அறியாதவர் இங்கே இருக்கமாட்டீர்கள். 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலைத் தேர்தல் என்றதும் எல்லாரும் தகுதி விதிகளைத்தான் பேசுவார்கள். நிலம் எவ்வளவு, வயது என்ன, கணக்குக் காட்டினானா என்பதெல்லாம் வரும். குழந்தைகளோடு நாள் முழுக்க இருக்கும் நாம் பார்க்க வேண்டிய இடம் வேறு. ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கிய பிறகு, உள்ளே யார் பெயர் இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவனைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். ஏரி வாரியத்துக்கு யார் வரவேண்டும் என்பதைப் பெரியவர்கள் கூடிய சபையில் ஒரு பாலகனின் கை எடுத்துக் கொடுத்தது. குழந்தையை அவ்வளவு நம்பிய ஊர் இது. அந்தப் பாலகனைவிடச் சின்னவர்களுக்கு, மூன்றிலிருந்து ஆறு வயதுக்குள் இருப்பவர்களுக்கு, ஒரு பழைய கதையை எப்படிச் சொல்வது என்றுதான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். குரங்கும் முதலையும். பஞ்சதந்திரத்தில் நான்காம் தந்திரத்தின் தலைக்கதை. நாவல் மரத்துக் குரங்கு பழம் பறித்துப் போடும், முதலை தின்னும், இருவரும் நண்பர்கள். முதலையின் மனைவிக்குக் குரங்கின் இருதயத்தின் மேல் ஆசை வரும். முதலை குரங்கை முதுகில் ஏற்றிக்கொண்டு போகும். பாதி வழியில் உண்மையைச் சொல்லிவிடும். ‘அடடா, இருதயத்தை மரத்திலேயே வைத்துவிட்டேனே’ என்று குரங்கு சொல்லித் தப்பித்துக்கொள்ளும். தாண்டவராய முதலியார் 1826இல் பஞ்சதந்திரத்தைத் தமிழ் உரைநடையில் கொடுத்தார். அதற்குப் பிறகு தமிழ்க் குழந்தைகள் இந்தக் கதையைப் பாடப் புத்தகத்திலும் அம்புலிமாமாவிலும் பாட்டி வாயிலும் கேட்டுக் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள்.

நம்மில் பலர் மறந்துவிட்ட சங்கதி ஒன்று இதில் உண்டு. பஞ்சதந்திரத்தில் அந்த நாவல் மரம் நிற்பது கடற்கரையில். ஆற்றங்கரை என்று நாம் படம் வரைகிறோமே, அது புத்த ஜாதகக் கதையில் வருவது. அங்கே கங்கைக் கரை, அத்தி மரம். ஆக, கடல் இந்தக் கதைக்குப் புதிதல்ல.

கடல் தாண்டிப் போன இடத்திலெல்லாம் இந்தக் கதை முதலையைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்தந்தக் கரைக்குத் தெரிந்த பிராணியை எடுத்துக்கொண்டது. ஆறாம் நூற்றாண்டில் பாரசீகத்துக்குப் போய், எட்டாம் நூற்றாண்டில் இபின் அல் முகாஃபா அரபியில் ‘கலீலா வ திம்னா’வாக எழுதியபோது முதலை இருந்த இடத்தில் ஆமை வந்துவிட்டது. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் ஸ்வாஹிலி பேசும் மக்கள் குரங்கைச் சுறாவின் முதுகில் ஏற்றினார்கள். கொரியாவில் குரங்கும் போயிற்று. அங்கே முயல், அதன் ஈரல், அதைத் தேடி வரும் ஆமை. 1145இல் தொகுத்த சாம்குக் சாகி என்ற அவர்களுடைய வரலாற்று நூலிலேயே அந்தக் கதை இருக்கிறது. ஜப்பானில் கடலரசன் அனுப்பும் தூதுவன் ஜெல்லிமீன். குரங்கிடம் உளறிக் காரியத்தைக் கெடுத்ததற்காக அதை அடித்து நொறுக்கினார்கள், அன்றிலிருந்து அதற்கு எலும்பே இல்லை என்று அந்த ஊர்க் குழந்தைகளுக்குச் சொல்கிறார்கள்.

ஆகவே, ‘பழைய கதையை மாற்றலாமா?’ என்று நம் ஆசிரியர்கள் தயங்க வேண்டியதில்லை. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக மாற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எப்படி மாற்றுவது என்பதில்தான் கவனம் வேண்டும்.

இப்போது சந்தைக்கு வரும் படப் புத்தகங்களில் ஒரு வழி பார்க்கிறேன். பழைய கதை ஒன்றை எடுத்து, அதிலிருக்கும் எல்லாருக்கும் மீன் முகமூடி மாட்டிவிடுகிறார்கள். குரங்குக்குப் பதில் டால்பின், முதலைக்குப் பதில் சுறா, மரத்துக்குப் பதில் பவளப்பாறை. படம் அழகாக இருக்கும். கதை செத்துப் போயிருக்கும். ஏனென்று கேளுங்கள். இந்தக் கதையின் உயிர், மரத்தில் வாழ்கிற ஒருவன் தண்ணீர் நடுவில் மாட்டிக்கொள்வதில் இருக்கிறது. நீந்தத் தெரியாதவன் அடுத்தவன் முதுகில் உட்கார்ந்திருக்கிறான், சுற்றிலும் தண்ணீர். அந்த வயிற்றுக் கலக்கத்தை நாலு வயதுக் குழந்தை உடம்பாலேயே உணரும். அப்பாவின் இடுப்பில் உட்கார்ந்து ஏரி மதகுப் பக்கம் இறங்கிய குழந்தைக்கு அது தெரியும். டால்பினுக்கு என்ன கலக்கம்? அது நீந்திப் போய்விடும்.

முகமூடி போதாது. எந்தப் பிராணியைக் கொண்டுவருகிறோமோ அதன் உடம்பு கதையில் வேலை செய்ய வேண்டும். அதன் ஓடு, அதன் கால், அது தின்பது, அது கரைக்கு வருகிற மாதம், எல்லாம் கதைக்குள் வரவேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி எல்லாம் இதற்கு உதாரணம்.

முதலை வேண்டாம் என்கிறேன். காஞ்சிபுரம் அட்டபுயகரம் கோயிலில், முதலையிடம் சிக்கிய கஜேந்திரன் கதை கேட்டவர்கள் நாம். அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்டதையும் கேட்டிருக்கிறோம். நம் குழந்தைக்கு முதலை என்ற சொல் காதில் விழும்போதே அது கெட்டது என்று முடிவாகிவிடுகிறது. அப்புறம் அது நண்பனாக இருந்து மாறியது என்றால் நம்பாது. இன்னொன்று, முதலை கரையிலும் வேகமாக ஓடும். வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். குரங்கு கரையில் குதித்த பிறகும் முதலை துரத்தலாமே என்று கேட்கிற குழந்தை உங்கள் வகுப்பில் கட்டாயம் ஒன்று இருக்கும்.

ஆமையைப் பாருங்கள். கல்பாக்கம், மாமல்லபுரம், கோவளம் கரைகளுக்குத் தை மாதத்திலிருந்து பங்குனி வரை இரவில் ஏறி வந்து முட்டையிடுகிற ஆமையை நம் மீனவர்கள் பங்குனி ஆமை என்கிறார்கள். ஓடு ஒரு முறத்தைவிடச் சற்றுப் பெரிது. ஒரு குரங்கு தாராளமாக உட்காரலாம். மூச்சு வாங்கத் தலையை நீருக்கு மேலே நீட்டியாக வேண்டும். அதனால் முதுகில் இருப்பவன் உடனே மூழ்கமாட்டான். கரையில் அதனால் ஓட முடியாது, துடுப்புக் கால்களால் மணலைத் தள்ளித் தள்ளி இழுத்துக்கொண்டு போகும். கரைக்கு வருவது பெண் ஆமை மட்டுமே. ஆண் ஆமை முட்டையிலிருந்து பொரிந்து கடலில் இறங்கிய நாளுக்குப் பிறகு அநேகமாக மண்ணை மிதிப்பதில்லை. ஆகவே நம் கதையில் நண்பன் இல்லை, அக்கா.

மரத்தையும் மாற்ற வேண்டியிருக்கிறது. நாவல் பழுப்பது ஆடியில். அப்போது ஆமை வராது. மாசி பங்குனியில் நம் பக்கத்தில் காய்த்துச் சிவப்பது கொடுக்காப்புளி. வேலியோரம் நிற்கிற மரம், கொக்கி கட்டிப் பறித்து, கறுப்பு விதையைத் துப்பித் துப்பித் தின்ற காய். உங்கள் குழந்தைகளுக்கு அதன் ருசி நாக்கிலேயே இருக்கும்.

அடுத்தது, இருதயம் யாருக்கு வேண்டும்? பழைய கதையில் முதலையின் மனைவி தின்ன ஆசைப்படுகிறாள். பொறாமைக்காரப் பெண்டாட்டி என்ற அந்தப் பழைய ஏச்சை நாலு வயதுப் பிள்ளை காதில் ஊற்ற எனக்கு மனம் இல்லை. கடலில் இருதயமே இல்லாத ஒரு ஜீவன் இருக்கிறது. மீனவர்கள் சொறி என்று சொல்கிற ஜெல்லிமீன். எலும்பு கிடையாது, மூளை கிடையாது, இருதயம் கிடையாது. உடம்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். இல்லாதவளுக்கு ஆசை வருவது நியாயம்தானே? அதே கடலில் மூன்று இருதயம் உள்ளவனும் இருக்கிறான். கணவாய். இரண்டு இருதயம் செவுள்களுக்கு ரத்தம் தள்ளும், ஒன்று உடம்புக்கு. இவன் எதற்கு என்பது கதையில் தெரியும்.

இனி கதை. அங்கன்வாடியில் தரையில் உட்கார்ந்து சொல்கிற மாதிரியே சொல்கிறேன்.

‘ஒரு கடல் இருந்துச்சாம். கடலோரத்துல ஒரு கொடுக்காப்புளி மரம். மரத்து மேல ஒரு குரங்கு. பங்குனி மாசம், ராத்திரி, நிலா. கடல்லேருந்து சரக்... சரக்... சரக்னு ஒரு சத்தம். யாரு? ஆமையக்கா! மணல்ல குழி தோண்டி, வெள்ளை வெள்ளையா உருண்டை உருண்டையா நூறு முட்டை போட்டா. மூடி வெச்சா. அப்பல்லாம் ஆமையக்கா முட்டை போட்டதும் போயிடமாட்டா. அங்கேயே உக்காந்து காவல் காப்பா. ஆனா நாய் வந்து மோப்பம் பிடிச்சா, பாவம், அவளால ஓடித் துரத்த முடியுமா? குரங்குத் தம்பி மேலேருந்து கொடுக்காப்புளியைப் பறிச்சுப் பறிச்சு அடிச்சான். நாய் வாலைச் சுருட்டிக்கிட்டு ஓடிப்போச்சு. “ரொம்ப நல்லவன்டா தம்பி நீ”ன்னா ஆமையக்கா. அன்னையிலேருந்து ரெண்டு பேரும் சினேகம்.

கடலுக்கு அடியில சொறி ராணியம்மா இருந்தாங்க. கண்ணாடி மாதிரி உடம்பு, இந்தப் பக்கம் பாத்தா அந்தப் பக்கம் தெரியும். ஒரு நாள் கணவாய் மாமா பக்கத்துல வந்தாரு. லப்டப், லப்டப், லப்டப். “இது என்ன சத்தம்?” “இருதயம், ராணியம்மா. எனக்கு மூணு இருக்கு.” ராணியம்மா தன்னைத் தொட்டுப் பாத்தாங்க. சத்தமே இல்லை. “எனக்கு ஒண்ணு குடேன்.” “மூணும் வேலையா இருக்குது, குடுக்க முடியாது. கரையில கொடுக்காப்புளி மரத்துல ஒரு குரங்கு இருக்கானாம். அவன்கிட்ட ஒண்ணு இருக்கும்.” “ஆமையைக் கூப்பிடு! நீயும் கூடப் போ!”

ராணி சொன்னா கேக்கணுமே. ஆமையக்கா கரைக்கு வந்தா. “தம்பி, கடலுக்கு அடியில எங்க வீட்டைப் பாக்க வர்றியா?” குரங்குக்கு ஒரே சந்தோசம். தொப்புன்னு முதுகுல குதிச்சான். போனாங்க, போனாங்க. மரம் சின்னதாயிடுச்சு. இன்னும் போனாங்க. மரமே தெரியலை. ஆமையக்கா பேசவே இல்லை. “ஏன்க்கா பேச மாட்டேங்கறே?” ஆமையக்கா சொன்னா: “தம்பி, ராணியம்மாவுக்கு உன் இருதயம் வேணுமாம். எடுத்துட்டா நீ இருக்க மாட்டே.”

குரங்கு கீழே பாத்தான், தண்ணி. இந்தப் பக்கம் தண்ணி. அந்தப் பக்கமும் தண்ணி.

அப்புறம் மெதுவாச் சொன்னான்: “அய்யோ அக்கா, முன்னாலேயே சொல்லக் கூடாதா? அதைக் கிளையில மாட்டி வெச்சுட்டு வந்துட்டேனே!” ஆமையக்காவுக்குச் சந்தேகம். பக்கத்துல நீந்தி வந்த கணவாய் மாமாவைக் கேட்டா: “இருதயத்தை வீட்டுல வெச்சுட்டு வரமுடியுமா?” கணவாய் மாமா யோசிச்சாரு. “எனக்கு மூணு இருக்கு. ஒண்ணை வெச்சுட்டு வந்தாத்தான் என்ன? முடியும் முடியும்!”

திரும்பினாங்க. மரம் தெரிஞ்சுது. மணல் தெரிஞ்சுது. ஒரே தாவு! குரங்கு உச்சாணிக் கிளையில. லப்டப், லப்டப், லப்டப். “ஆமையக்கா, இதோ இங்கேயே இருக்குது, கேக்குதா?”

ஆமையக்கா கண்ணுலேருந்து பொலபொலன்னு தண்ணி. “தப்பு பண்ணிட்டேன் தம்பி. என் முட்டைங்க?” குரங்கு ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் சொன்னான்: “முட்டையை நான் பாத்துக்கறேன். நீ இங்க உக்காராதே. போட்டதும் போயிடு.” அதனாலதான் ஆமையக்கா இன்னைக்கும் ராத்திரியில வந்து, முட்டை போட்டு, மூடி வெச்சுட்டு, அழுதுக்கிட்டே திரும்பிக் கடலுக்குப் போயிடறா. இவ்வளவுக்கும் காரணம் சொறிதானேன்னு கோவம் வந்து, எங்க சொறியைப் பாத்தாலும் லபக்குன்னு தின்னுடறா.’

கதை முடிந்தது. இதில் வருகிற கண்ணீர் கற்பனை அல்ல. உப்புத் தண்ணீர் குடிக்கிற ஆமை, உடம்பில் மிஞ்சிய உப்பைக் கண்ணோரச் சுரப்பி வழியாக வெளியேற்றுகிறது. கரையில் முட்டையிடும்போது அது வழிவதை நேரிலேயே பார்க்கலாம். முட்டையிட்ட தாய் திரும்பிப் பார்க்காமல் போவதும், ஏறக்குறைய ஐம்பது நாளில் குஞ்சுகள் தாமாகப் பொரிந்து கடலுக்கு ஓடுவதும், பங்குனி ஆமை ஜெல்லிமீனைத் தின்பதும் உண்மை. நாயும் நரியும் முட்டையைத் தோண்டித் தின்பதும் அப்படித்தான். சென்னைக் கரையில் மாணவர்கள் 1988 முதல் ராத்திரி நடை போய் முட்டைகளைப் பாதுகாத்து வருகிறார்கள். குரங்குத் தம்பி செய்த வேலையை அவர்கள் செய்கிறார்கள் என்று பெரிய பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கடலில் மிதக்கும் பிளாஸ்டிக் பையைச் சொறி என்று நினைத்து ஆமை விழுங்கிவிடுவதையும் அவர்களிடம் சொல்லலாம். நம் பாலாறு திருமுக்கூடலில் செய்யாற்றையும் வேகவதியையும் சேர்த்துக்கொண்டு வயலூர் அருகே அதே கடலில்தான் விழுகிறது, இங்கே எறிகிற பையும் அங்கே போய்ச் சேரும். மூன்று வயதுக்காரரிடம் இதெல்லாம் வேண்டாம். அவருக்கு ‘சரக் சரக்’ போதும்.

‘இருதயத்தை எடுப்பது என்றால் குழந்தை பயந்துவிடாதா?’ என்று பெற்றோர் கேட்பது வழக்கம். பயப்படட்டும். உங்கள் மடியில் உட்கார்ந்து பயப்படுவதற்குத்தான் கதை இருக்கிறது. பயத்தை எடுத்துவிட்டு, ‘ராணிக்குக் கொடுக்காப்புளி வேண்டுமாம்’ என்று மாற்றினால் குரங்கு எதற்குப் பொய் சொல்லும்? ஆனால் எல்லாப் பயமும் எல்லா வயதுக்கும் ஆகாது. டென்மார்க்கின் ஆண்டர்சன் 1837இல் எழுதிய கடல்கன்னிக் கதையில், நாக்கை அறுத்துக் கொடுத்துவிட்டு ஒவ்வொரு அடியும் கத்திமேல் நடப்பதுபோல அவள் நடப்பாள். கடைசியில் கடல் நுரையாகிப் போவாள். 1989இல் வந்த டிஸ்னி படம் அவளுக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டது. முதலாவதை நான் அங்கன்வாடியில் சொல்லமாட்டேன். அது பத்து வயதுக்கு மேல் கேட்க வேண்டிய துக்கம். இரண்டாவதையும் சொல்லமாட்டேன், அவள் இழந்ததற்கெல்லாம் அதில் அர்த்தமே இல்லாமல் போகிறது. சின்னவர்களுக்கு ஒரு கதை ஆகாது என்று தோன்றினால் அதை விட்டுவிட்டு வேறு கதை எடுங்கள். நம்மிடம் கதைக்கா பஞ்சம்?

இன்னொரு கேள்வி குழந்தைகளிடமிருந்தே வரும்: ‘குரங்கு பொய் சொல்லலாமா, டீச்சர்?’ அந்தக் கேள்வி வந்தால் நீங்கள் கதையை நன்றாகச் சொல்லியிருக்கிறீர்கள். பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். ‘நீ அந்த முதுகுமேல உக்காந்திருந்தா என்ன சொல்லியிருப்பே?’ என்று திருப்பிக் கேளுங்கள். ‘இக்கதையால் அறியப்படும் நீதி’ என்ற வரியை மட்டும் தயவுசெய்து சேர்க்க வேண்டாம். விஷ்ணுசர்மன் கதை சொன்னது நாளைக்கு நாடாளப் போகிற இளவரசர்களுக்கு. அவர்களுக்கு நீதி வேண்டியிருந்தது. நம் குழந்தைக்கு ஆமையக்காமேல் கோபமும் வரவேண்டும், அவள் அழும்போது பாவமாகவும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து வருகிற அந்த நிமிடத்தில் நாம் குறுக்கே புகுந்து பாடம் நடத்தக் கூடாது.

கைக்கு ஒரு பொருள் கொடுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் வெள்ளையாக, படகு வடிவில் ஒன்று கொடுப்பார்கள். கிளி, லவ்பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் கூண்டில் மாட்டி வைப்பதும் அதுதான். அது நுரை அல்ல, கணவாயின் உடம்புக்குள் இருக்கும் ஓடு. விரல் நகத்தால் கீறினால் மாவாக உதிரும். முகர்ந்தால் லேசாகக் கடல் வாடை அடிக்கும். எடுத்தால் எடையே இருக்காது. தண்ணீரில் போட்டால் மிதக்கும். கதை முடிந்ததும் அதைக் கை மாற்றிக் கை மாற்றிக் கொடுங்கள். கணவாய் மாமா நிஜம் என்று தெரிந்த குழந்தையின் முகத்தை அப்போது பாருங்கள். பிறகு ஒவ்வொருவர் நெஞ்சிலும் அடுத்தவர் காதை வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். லப்டப் கேட்கும்.

வாய்ப்பிருந்தால் மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போங்கள். அர்ச்சுனன் தபசு என்று சொல்கிற அந்தப் பெரும் பாறையில் நிமிர்ந்து நின்று தவம் செய்கிற பூனையும், காலடியில் எலிகளும் இருக்கின்றன. ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி, முனிவர்களும் யானைகளும் நிற்கிற இடத்தில் ஒரு விலங்குக் கதைக்கும் இடம் கொடுத்திருக்கிறான். தபசுப் பாறையைக் குழந்தைக்குக் காட்டும்போது பூனையிலிருந்து தொடங்குங்கள்.

நான் ஒரு கதைதான் சொன்னேன். அடுத்ததை நீங்கள் சொல்ல வேண்டும். பஞ்சதந்திரத்தின் முதல் தந்திரத்தில் கடற்கரையில் முட்டையிடும் சின்னப் பறவை ஒன்று வருகிறது. கடல் திமிரோடு முட்டைகளை வாரிக்கொண்டு போய்விடும். பறவைகள் கருடனிடம் முறையிடும். கருடன் பெருமாளிடம் போக, கடல் நடுங்கி முட்டைகளைத் திருப்பிக் கொடுக்கும். அந்தப் பறவை வேறு எதுவும் இல்லை, நம் ஏரி உள்வாயில் வெயில் காலத்தில் தரையிலேயே முட்டையிட்டு, ஆள் வந்தால் கத்திக்கொண்டு தலைமேல் பறக்கிற ஆட்காட்டிதான். காஞ்சிபுரம் கருட சேவையைத் தோள்மேல் உட்கார்ந்து பார்த்த குழந்தைக்குக் கருடனை நீங்கள் அறிமுகப்படுத்த வேண்டியதே இல்லை. கடலுக்கு என்ன உருவம், என்ன குரல், அது எப்படிப் பயந்தது என்பதை உங்கள் குழந்தைகளிடமே கேட்டுக் கட்டுங்கள். கோடை விடுமுறைக்கு முன்னால் ஒவ்வோர் அங்கன்வாடியிலும் இந்தக் கதை ஒரு முறையாவது சொல்லப்பட வேண்டும் என்று உங்களை எல்லாம் கேட்டுக்கொள்கிறேன்.